நீலகிரியில் ஓடும் பைக்குக்கு இன்ஜின் ஆயில்: எதை ஊற்றுவது, எப்போது மாற்றுவது, எப்படி மாற்றுவது

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் ஓடும் டிஎன் 43 வண்டிகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நாலு ஸ்ட்ரோக், கியர் உள்ள பைக்குகள்தான் முக்கியம். ஸ்கூட்டர் எங்கே மாறுபடுகிறதோ அங்கே மட்டும் தனியாகச் சொல்கிறேன்.

புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஸ்பேனர் பிடிப்பதற்கு முன்பே தவறிவிடுகிறார்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த ஆயிலை வாங்கி, கோயம்புத்தூரில் சமதரையில் ஓடும் வண்டிக்குச் சொன்ன கிலோமீட்டர் கணக்கை இங்கேயும் வைத்துக்கொண்டு, சரிவான வாசலில் வண்டியை நிறுத்தி அளவு பார்க்கிறார்கள். மூன்றும் தப்பு. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் வண்டி எப்படி ஓடுகிறது என்று பாருங்கள், பிறகு ஆயில் வகை, பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை, கடைசியில்தான் ஸ்பேனர்.

1. உங்கள் வண்டி எப்படி ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்

மலையில் மீட்டரில் ஏறும் கிலோமீட்டர் இன்ஜின் பட்ட பாட்டை முழுதாகச் சொல்லாது. ஒரு 100 சிசி, நாலு கியர் வண்டி டாப் கியரில் ஒரு கி.மீ. ஓட எத்தனை சுற்று சுற்றுமோ, அதே தூரத்தை இரண்டாவது கியரில் ஏற ஏறக்குறைய 1.8 மடங்கு சுற்ற வேண்டும். முதல் கியரில் மூன்று மடங்குக்கும் மேல். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி சுமார் 50 கி.மீ. தூரம்தான், ஆனால் அதற்குள் 1,900 மீட்டர் அளவுக்கு உயரம் ஏறுகிறோம். கல்லாறு தாண்டியதும் வரும் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், கல்லட்டியின் 36 வளைவுகளிலும் யாரும் டாப் கியரில் ஏறுவதில்லை.

கூடவே சூடு. நம் வண்டிகளில் பெரும்பாலானவை காற்றில் குளிர்பவை. 20 கி.மீ. வேகத்தில், பின்னால் ஆளோ காய்கறி மூட்டையோ வைத்து, ஆக்சிலேட்டரை முக்கால்வாசி திருகி ஏறும்போது இன்ஜினுக்குக் காற்றே கிடைக்காது. பொதுவான கணக்குப்படி ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வளைவுக்கு வளைவு அரை கிளட்ச் பிடிப்பதால் கிளட்ச் பிளேட் தேய்ந்த தூளும் அதே ஆயிலில்தான் கலக்கிறது, ஏனென்றால் பைக்கில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்.

இதற்கு நேர் எதிரான ஓட்டம் ஒன்று இருக்கிறது, அதுவும் ஆயிலைக் கெடுக்கும். ஊட்டியில் சேரிங்கிராஸில் வேலை, ஃபிங்கர்போஸ்ட்டில் வீடு என்று தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டி. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. குளிர்ந்த இன்ஜினுக்குள் படியும் ஈரமும், எரியாமல் பிஸ்டன் ஓரமாக இறங்கும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேற நேரமே கிடைக்காமல் ஆயிலிலேயே தங்கிவிடும்.

கார்புரேட்டர் வண்டி என்றால் இன்னும் மோசம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால்வாசி அளவுக்குக் குறைவு. கீழே செட் பண்ணிய கார்புரேட்டர் இங்கே காற்றுக்குத் தேவையானதைவிட அதிகமாகப் பெட்ரோல் விடும். அதோடு டிசம்பர் காலையில் சோக் போட்டு ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தால், அந்தப் பெட்ரோலில் ஒரு பகுதி ஆயிலில் போய்ச் சேரும். எஃப்ஐ வண்டிகள் (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர் உள்ளவை) உயரத்துக்கு ஏற்பத் தானே பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதால் இந்தத் தொல்லை அவற்றுக்குக் குறைவு.

ஆகவே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: மாதம் எத்தனை கி.மீ. மலைப்பாதை, எத்தனை கி.மீ. ஊருக்குள், எத்தனை கி.மீ. கீழே சமவெளியில். நாலாவது படியில் இது வேண்டும்.

2. வண்டியோடு வந்த புத்தகத்தில் மூன்று விவரம் எடுங்கள்

ஓனர்ஸ் மேனுவல் இல்லையென்றால் கம்பெனி இணையதளத்தில் பெரும்பாலும் கிடைக்கும். சில வண்டிகளில் ஆயில் மூடியிலோ இன்ஜின் கவரிலோ கிரேடு அச்சிட்டே இருக்கும். எடுக்க வேண்டியவை: ஆயிலின் கிரேடு (10டபிள்யூ-30 போல கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்), ஜாசோ வகை (ஆயில் கிளட்ச்சுக்குப் பொருந்துமா என்று சொல்லும் ஜப்பானியத் தரக்குறியீடு), மாற்றும்போது ஊற்ற வேண்டிய அளவு.

அளவில் கவனம். புத்தகத்தில் இரண்டு எண் இருக்கும். ஒன்று இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டும்போது ஊற்றும் அளவு, இன்னொன்று வடித்துவிட்டு ஊற்றும் அளவு. நமக்கு இரண்டாவதுதான் வேண்டும், அது முதலாவதைவிடக் குறைவாக இருக்கும். பெரிய எண்ணைப் பார்த்து ஊற்றுகிறவர்கள் நிறைய பேர்.

3. எந்த ஆயில்

கிரேடிலிருந்து ஆரம்பிப்போம். 10டபிள்யூ-30 என்றால், டபிள்யூ-வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது, சின்ன எண் என்றால் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ள எண் இன்ஜின் சூடானபோது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. 50 என்பது 30-ஐவிடக் கெட்டி.

ஹீரோ ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30. ராயல் என்ஃபீல்டின் யூசிஇ இன்ஜினுக்கும் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) புதிய 350 இன்ஜினுக்கும் 15டபிள்யூ-50 செமி சிந்தெடிக். பழைய பல்சர் 150-க்கு 20டபிள்யூ-50. உங்கள் வண்டிக்குப் புத்தகம் என்ன சொல்கிறதோ அதை முதலில் வையுங்கள். இன்ஜினுக்குள் உள்ள இடைவெளிகளும் ஆயில் பம்ப்பும் அந்தக் கெட்டிக்குக் கணக்குப் பண்ணியே செய்யப்பட்டவை.

இங்கே அடிக்கடி கேட்கும் இரண்டு யோசனைகள் உண்டு. “மலை ஏறுது, சூடாகும், அதனால் கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்து” என்பது ஒன்று. 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு இதை ஊற்றினால் காந்தலிலும் தலைகுந்தாவிலும் உறைபனி விழும் காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மேலே வால்வைத் திறக்கும் ராக்கர், கேம் வரை ஏற நேரம் பிடிக்கும். ஆயில் போய்ச் சேராத அந்த முதல் சில நொடிகளில் இன்ஜின் கூடுதலாகத் தேயும். பிக்கப்பும் மந்தமாகும்.

மற்றது நேர் எதிர். “ஊட்டிக் குளிருக்கு 20டபிள்யூ உறைஞ்சு போயிடும், லேசான ஆயில் ஊத்து.” உறையாது. 20டபிள்யூ ஆயிலுக்கான குளிர்ச் சோதனையே மைனஸ் 15 டிகிரியில்தான் நடக்கிறது, நம் குளிர் பூஜ்யத்தைச் சுற்றித்தான். 20டபிள்யூ-50 கேட்கும் வண்டி இங்கேயும் அதையே தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம், காலையில் ஒரு நிமிடம் பொறுமையாகக் கிளம்பினால் போதும். புத்தகத்திலேயே குளிர்ப் பகுதிக்கு மாற்று கிரேடு கொடுத்திருந்தால் மட்டும் அதற்கு மாறுங்கள்.

அடுத்து ஜாசோ. கியர் பைக்கில் கிளட்ச் ஆயிலில் மூழ்கியே வேலை செய்கிறது. எனவே ஆயில் இன்ஜினை வழுக்கவைக்க வேண்டும், கிளட்சை வழுக்கவைக்கக் கூடாது. பாட்டிலின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் கிளட்ச் பிடிக்கும். எம்பி என்று இருந்தால் அது உராய்வு குறைந்த ஆயில், ஸ்கூட்டருக்கானது. ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் இல்லை, வெளியே உலர்ந்த பெட்டியில் இருக்கிறது. ஆக்டிவாவுக்கு 10டபிள்யூ-30 எம்பி, ஸ்ப்ளெண்டருக்கு 10டபிள்யூ-30 எம்ஏ. முன்னால் பார்த்தால் எண் ஒன்றே, பாட்டிலும் ஒரே நிறத்தில் இருக்கலாம். பின்னால் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

எம்பி ஆயிலோ, கார் பெட்ரோல் இன்ஜினுக்கான எரிபொருள் மிச்சப்படுத்தும் ஆயிலோ பைக்கில் போனால் சமதரையில் உடனே தெரியாமல்கூட இருக்கலாம். ஏற்றத்தில் தெரிந்துவிடும்: இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று மாற்றிவிட்டுப் பிறகும் அதே ஆயிலை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். டீசல் ஜீப்புக்கு வாங்கி மிச்சமிருக்கும் ஆயிலை ஊற்றுவதும் சரியில்லை, அது பைக்கின் கிரேடும் ஜாசோவும் பார்த்து வாங்கியது இல்லை. எஸ்டேட் பக்கம் இந்தப் பழக்கம் அதிகம், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தரக்குறியீடு) எழுத்துகள், அதாவது எஸ்ஜே, எஸ்எல், எஸ்எம், எஸ்என் என்று வருபவை, பின்னால் போகப் போகப் புதிய தரம். புத்தகம் எஸ்ஜே கேட்டால் எஸ்எல்லோ எஸ்என்னோ ஊற்றலாம், ஜாசோ எம்ஏ இருக்கும் வரை.

மினரலா (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துச் செய்தது), முழு சிந்தெடிக்கா (ஆலையில் செயற்கையாகச் செய்தது), செமி சிந்தெடிக்கா (இரண்டும் கலந்தது)? தினமும் மலை ஏறி இறங்கும் வண்டிக்கு செமி சிந்தெடிக் கொடுக்கும் காசுக்குத் தகுந்தது என்பது என் முடிவு. சூட்டில் மினரலைவிட மெதுவாகக் கெடும், குளிரில் சீக்கிரம் ஓடும். ஊருக்குள் மட்டும் ஓடும் 100 சிசி வண்டிக்கு நல்ல மினரலே போதும், ஏனென்றால் அங்கே ஆயிலைக் கெடுப்பது ஈரமும் பெட்ரோலும். விலை கூடிய ஆயிலும் அதே ஈரத்தைத்தான் குடிக்கும். அந்தக் காசில் இன்னொரு முறை மாற்றிவிடலாம். முழு சிந்தெடிக் 200 சிசிக்கு மேல் உள்ள, அதிக ஆர்பிஎம்மில் ஓடும் வண்டிகளுக்கும், கம்பெனியே அதைக் கேட்கும் வண்டிகளுக்கும் சரி. பழைய, சீல் கசியும் வண்டிக்கு அதை ஊற்றிப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

4. எப்போது மாற்றுவது

புத்தகத்தில் உள்ள கிலோமீட்டரை மேல் எல்லையாக வையுங்கள், இலக்காக வைக்காதீர்கள். அந்த எண் சராசரி ஓட்டத்துக்கானது. கடுமையான ஓட்டத்துக்கு அதற்கு முன்பே மாற்றச் சொல்லி பல புத்தகங்களில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். நம் ஊர் ஓட்டம் அந்த வரியில்தான் வருகிறது.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. மலைப்பாதையில் ஓடிய ஒரு கி.மீ.-ஐ ஒன்றரை கி.மீ.-ஆக எண்ணுங்கள். மற்றதை அப்படியே எண்ணுங்கள். இப்படி எண்ணி வரும் கூட்டுத்தொகையில் மினரல் என்றால் 3,000, செமி சிந்தெடிக் என்றால் 4,000, முழு சிந்தெடிக் என்றால் 5,000 வந்ததும் மாற்றுங்கள். புத்தகத்தின் எண் இதைவிடக் குறைவாக இருந்தால் புத்தகம்தான் கணக்கு.

ஒருவர் மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறார், அதில் 600 குன்னூர் – மேட்டுப்பாளையம் பாதையில் என்று வையுங்கள். 600 கி.மீ. 900 ஆகிறது, மீதி 400, மொத்தம் 1,300. மினரல் ஊற்றியிருந்தால் இரண்டு மாதம் கடந்து சில நாளில் மாற்ற வேண்டும், செமி என்றால் மூன்று மாதம். மீட்டரை மட்டும் பார்த்திருந்தால் மினரலை மூன்று மாதம் ஓட்டியிருப்பார்.

புதிய 350 சிசி என்ஃபீல்டுகளுக்குக் கம்பெனி 10,000 கி.மீ. அல்லது 12 மாதம் என்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு அது சரியாக இருக்கலாம். கோத்தகிரியில் வைத்து ஓட்டினால் மேலே சொன்ன செமி சிந்தெடிக் கணக்கிலேயே மாற்றுவேன். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் கம்பெனி சொன்ன கிரேடில் மாற்றி, பில்லைப் பத்திரமாக வையுங்கள். முன்கூட்டி மாற்றுவதால் வாரண்டி போகாது, தப்பான கிரேடு ஊற்றினால் பிரச்சினை வரும்.

ஊருக்குள் சின்னச் சின்ன ஓட்டம் மட்டும் ஓடும் வண்டிக்குக் கிலோமீட்டரே பார்க்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 1,000 கி.மீ.கூட ஓடாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். மே கடைசியில் ஒன்று, டிசம்பரில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் நம் மழைக்குப் பொருந்தும். தேவாலா, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் வண்டி மாதக்கணக்கில் நனைந்தே கிடக்கும். அதற்குப் பிறகு உள்ளே சேர்ந்த ஈரத்தோடு உறைபனிக் காலத்துக்குள் போக வேண்டாம்.

புது வண்டிக்கு முதல் மாற்றம் 500-லிருந்து 1,000 கி.மீ.-க்குள், புத்தகம் சொல்வதுபோல். புது இன்ஜினின் பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் படியும்போது வரும் உலோகத் தூள் இந்த ஆயிலில்தான் இருக்கும். எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நிறத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள். நல்ல ஆயிலின் வேலையே கரியைத் தன்னுள் இழுத்து வைத்துக்கொள்வது, எனவே கொஞ்ச நாளில் கறுப்பது இயல்பு. கியர் மாற்றக் கடினமாவது, நியூட்ரல் விழ அடம்பிடிப்பது, சூடானபின் இன்ஜின் சத்தம் கரகரப்பாவது ஆகியவைதான் நம்பத்தக்க அடையாளங்கள். கியர் பற்கள் ஆயிலை இடைவிடாமல் நசுக்குவதால் அதன் கெட்டித்தன்மை குறைந்துபோவதே இதற்குக் காரணம்.

5. வாங்கும்போது

போலி ஆயில் புழங்குகிறது. சீல் உடையாமல் இருக்கிறதா, மூடியைச் சுற்றிப் பிசுபிசுப்பு இருக்கிறதா, பாட்டிலில் அச்சிட்ட பேட்ச் எண்ணும் தேதியும் அழியாமல் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கேனிலிருந்து அளந்து ஊற்றும் சில்லறை ஆயில் வேண்டவே வேண்டாம், அதன் கிரேடை யாராலும் சரிபார்க்க முடியாது.

100, 125 சிசி வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஒரு லிட்டருக்குள் அடங்கும். சில பிராண்டுகள் 900 மி.லி. பாட்டிலிலும் வருகின்றன, உங்கள் அளவோடு ஒப்பிட்டு வாங்குங்கள். என்ஃபீல்டுக்கு ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று போதாது. கூடவே ட்ரெயின் போல்ட் (ஆயிலை வடிக்க இன்ஜினின் அடியில் உள்ள போல்ட்) வாஷர் ஒன்று, உங்கள் மாடலில் பேப்பர் ஃபில்டர் இருந்தால் அது, அதன் ஓ-ரிங். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் பேப்பர் ஃபில்டர் கிடையாது, உள்ளே சலித்தெடுக்கும் வலையும் சுழன்று அழுக்கைப் பிரிக்கும் ஃபில்டரும்தான். அவற்றை மெக்கானிக்கிடம் பெரிய சர்வீஸின்போது சுத்தம் செய்துகொள்ளலாம்.

6. இடமும் சாமானும்

சமமான தரை வேண்டும். இங்கே இதுதான் கிடைப்பதற்கு அரிது, இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். வாசல், ரோட்டோரம், லைன் வீட்டு முன்பு எல்லாமே ஏதாவது ஒரு பக்கம் சரிந்திருக்கும். முன்சக்கரம் இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தாலே டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) அளவு மாறிவிடும், வடியும்போதும் ஒரு மூலையில் பழைய ஆயில் தேங்கும். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். சரிவு இருந்தால் சக்கரத்தடியில் பலகை வைத்துச் சரிசெய்யுங்கள், வண்டி அசையாமல் நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர் (ஹீரோ, ஹோண்டா சின்ன வண்டிகளுக்கு ட்ரெயின் போல்ட் பெரும்பாலும் 17 மி.மீ.), அகலமான பழைய பேசின், புனல், அளவுக்கோடு போட்ட ஜாடி, பனியன் வேஸ்ட், கையுறை. ஓப்பன் ஸ்பேனரை இந்த போல்ட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள், மூலை வழுக்கி போல்ட் உருண்டையாகிவிடும்.

7. மாற்றும் வரிசை

முதலில் வண்டியை ஓட்டிவிட்டு வாருங்கள். ஊட்டிக் குளிரில் நிறுத்தி வைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால் ஆயில் போதுமான அளவு சூடாகாது, நாலைந்து கி.மீ. ஓட்டுவது நல்லது. சூடான ஆயில்தான் அடியில் படிந்த தூளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியே வரும். பிறகு பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சைலன்சர் கையைச் சுட்டுவிடும்.

டபுள் ஸ்டாண்டு போட்டு, ட்ரெயின் போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணைத் துடையுங்கள். மழைக்காலத்தில் அங்கே சேறு அப்பியிருக்கும், துடைக்காமல் கழற்றினால் அது நேரே மரைக்குள் போகும்.

அடுத்து மேலே உள்ள ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள், அதற்கு அப்புறம்தான் கீழே. மேலே காற்று போனால்தான் கீழே சீராக வடியும். இன்னொரு காரணம், மூடி இறுகிப்போய்த் திறக்க வரவில்லை என்பது ஆயிலை முழுதும் வடித்த பிறகு தெரியவந்தால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

இப்போது போல்ட். கீழே இருந்து பார்க்கும்போது எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்புவது சகஜம். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு இடப்பக்கம் திருப்புங்கள். தப்பான பக்கம் பலமாகத் திருகினால் அலுமினிய கிரான்க் கேஸின் மரை போய்விடும், அதைச் சரிசெய்யும் செலவில் பல முறை ஆயில் மாற்றலாம்.

முழுதாக வடிய பதினைந்து நிமிடமாவது விடுங்கள். நடுவில் வண்டியை மெதுவாக இரண்டு பக்கமும் சாய்த்தால் தேங்கியது வரும். கிக்கரை வேகமாக உதைத்து வெளியேற்றும் பழக்கம் வேண்டாம், ஆயில் இல்லாத இடத்தில் உலோகம் உலோகத்தோடு உரசும். பேப்பர் ஃபில்டர் இருந்தால் இப்போது மாற்றுங்கள். பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதைக் கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், திருப்பிப் போட்டால் ஆயில் ஓட்டமே தடைபடலாம்.

போல்ட்டில் புது வாஷர் போட்டு, முதல் சில சுற்றுகளை விரலாலேயே முடுக்குங்கள். விரலுக்கு இலகுவாகப் போனால் மரை நேராகப் பிடித்திருக்கிறது. இறுக்கமாக இருந்தால் வெளியே எடுத்து மறுபடி. கடைசியில் ஸ்பேனரால் வாஷர் நசுங்கி உட்காரும் வரை மட்டும் முடுக்குங்கள். ஸ்பேனரில் பைப்பைச் செருகி முடுக்குகிறவர்களால்தான் மரைகள் போகின்றன. டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வையுங்கள்.

ஊற்ற வேண்டிய அளவில் 100 மி.லி. குறைத்து ஊற்றி, மூடியைப் போட்டு, வண்டியை இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். ஆக்சிலேட்டர் கொடுக்காதீர்கள், ஃபில்டரும் ஆயில் வழிகளும் நிறைய வேண்டும்.

8. அளவு பார்ப்பது

இன்ஜினை நிறுத்தி மூன்று நிமிடம் கழித்து, டபுள் ஸ்டாண்டில், சமதரையில் பாருங்கள். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு முடுக்காமல் சும்மா நுழைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். முடுக்கிப் பார்த்தால் குச்சி கூடுதலாக உள்ளே இறங்கி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். டிப்ஸ்டிக்குக்குப் பதில் இன்ஜின் பக்கவாட்டில் ஆயில் தெரியும் கண்ணாடி ஜன்னல் உள்ள வண்டிகளில், வண்டி நேராக நின்றால்தான் அளவு சரி.

மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில், மேல் கோட்டை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஊற்றுவது நல்லதில்லை. கூடுதல் ஆயிலில் கிரான்க் அடித்து நுரைக்கும், நுரைத்த ஆயில் உராய்வைத் தடுக்காது, மிச்சம் பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாய்) வழியாக ஏர் ஃபில்டரில் போய்ச் சேரும். மறுபக்கம், செங்குத்தாக ஏறும்போது ஆயில் பின்னால் சாயும் என்பதால் கீழ்க் கோட்டுக்கும் கீழே போகவிடுவது இங்கே சமவெளியைவிட ஆபத்து.

மாற்றிய பிறகும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். மலை இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடி கியரிலேயே இறங்குகிறோம், அப்போது சிலிண்டருக்குள் ஏற்படும் உறிஞ்சலில் கொஞ்சம் ஆயில் மேலே இழுபடும். கல்லாறு வரை இறங்கி முதல்முறை ஆக்சிலேட்டர் திருகும்போது சைலன்சரில் நீலப் புகை ஒரு வீச்சு வந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்கிறது, ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பயந்தோ பெட்ரோல் மிச்சம் பிடிக்கவோ இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்காதீர்கள். ஆயில் பம்ப் நின்றுவிடும், ஆனால் கியர்பாக்ஸின் ஒரு பகுதி சக்கரத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கும். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போவது அதைவிடப் பெரிய ஆபத்து.

9. வடித்ததைப் பாருங்கள்

பேசினில் உள்ளதை உடனே ஊற்றிவிடாதீர்கள். வெளிச்சத்தில் பாருங்கள், மோந்து பாருங்கள்.

மூடியின் உள்பக்கம் பால் டீ நிறத்தில் வெண்மையாகப் படிந்திருந்தால் ஈரம். குளிர்காலத்தில் சின்ன ஓட்ட வண்டிகளில் மூடியில் மட்டும் கொஞ்சம் இருப்பது சகஜம், வாரம் ஒருமுறை அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓட்டினால் போய்விடும். ஆனால் வடித்த ஆயில் முழுதும் அந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது: மூடியின் ஓ-ரிங், பிரீதர் குழாய், தண்ணீரில் குளிரும் வண்டியென்றால் ஹெட் கேஸ்கட் வரை பார்க்க வேண்டும். பிரஷர் வாஷில் இன்ஜின் மேல் நேராக அடித்தாலும் இப்படி ஆகும்.

பெட்ரோல் வாசனை தூக்கலாக இருந்து, ஆயில் தண்ணியாக, அளவும் கூடியிருந்தால் கார்புரேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஃப்ளோட் நீடில் ஒழுகலாம், அல்லது உயரத்துக்கு ஏற்ப செட்டிங் மாற்ற வேண்டியிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எந்த ஆயில் ஊற்றினாலும் கெடும்.

மினுமினுப்பாக மிக நைஸான தூள் கொஞ்சம் இருப்பது இயல்பு. விரலில் நெருடும் துணுக்கு வந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரச்சொல்லுங்கள்.

10. செய்யக் கூடாதவை சில

டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி இன்ஜினைக் கழுவுவது. முழுதாக வடியாது, மிச்சம் புது ஆயிலைத் தண்ணியாக்கும். அழுக்கு அதிகம் என்று தோன்றினால் மலிவான சரியான கிரேடு ஆயிலையே ஊற்றி 300 கி.மீ. ஓட்டி மறுபடி மாற்றுங்கள்.

பழைய ஆயிலைச் செயினுக்கு விடுவது. அதில் உள்ள உலோகத் தூள் செயினை அரைக்கும். அதைவிட முக்கியமாக, தெறித்துப் பின் டயரில் படும். கொண்டை ஊசி வளைவில், ஈர ரோட்டில், டயரில் ஆயில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆயில் மாற்றி முடித்ததும் டயரின் பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டே கிளம்புங்கள்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கான 2டி ஆயிலை நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஊற்றுவது. அது பெட்ரோலோடு எரிந்துபோவதற்கானது, கியரையும் கிளட்சையும் காக்காது. ஸ்கூட்டரில் பின்சக்கரத்தை ஒட்டி கியர் ஆயில் தனியாக இருக்கிறது, அதை மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம், புத்தகத்தில் தேதி பார்த்து மாற்றுங்கள்.

11. பழைய ஆயிலும் காலி பாட்டிலும்

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ தேயிலைத் தோட்டத்து ஓரத்திலோ ஊற்றாதீர்கள். இந்த மலையில் எங்கே ஊற்றினாலும் அடுத்த மழையில் ஏதோ ஒரு ஓடைக்குப் போகும், ஓடைகள் பவானிக்கும் மோயாறுக்கும் போகின்றன, நடுவில் எத்தனையோ பேர் அதைத்தான் குடிக்கிறார்கள். ஆயில் இப்போது வந்த அதே பாட்டிலில் புனல் வைத்து ஊற்றி மூடி, பழைய ஆயில் சேர்த்து விற்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் கொடுத்தால் அவர்கள் தயங்காமல் வாங்கிக்கொள்வார்கள். ஆயில் பட்ட பனியன் வேஸ்ட்டை அடுப்பில் போடாமல் அதையும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

பாட்டில் மிச்சமானால் லேபிளைக் கிழித்து, அடியில் ஓட்டை போட்ட பிறகே பழைய சாமான் கடைக்குப் போடுங்கள். முழுப் பாட்டிலாகப் போனால் அதில்தான் போலி ஆயில் நிரம்பித் திரும்பி வரும்.

12. அடுத்த நாள் காலையில்

வண்டி இரவு முழுதும் நின்ற இடத்தில் ஒரு அட்டை விரித்து வையுங்கள். காலையில் சொட்டு விழுந்திருந்தால் ட்ரெயின் போல்ட்டையும் ஃபில்டர் கவரையும் துடைத்துவிட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கசிந்தால் உடனே இன்னும் இறுக்காதீர்கள், வாஷர் கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடம் விட்டுக் கிளம்புங்கள், முதல் இரண்டு கி.மீ. மெதுவாக. 50 கி.மீ. ஓடியதும் அளவை மறுபடி பாருங்கள், தேவையென்றால் மீதி வைத்த 100 மி.லி.-யிலிருந்து கொஞ்சம் சேர்க்கலாம். பிறகு தேதி, மீட்டர் எண், ஆயில் கிரேடு மூன்றையும் ஒரு சின்னத் தாளில் எழுதி சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். அடுத்த முறை யார் கையில் வண்டி இருந்தாலும் அவர்களுக்கு அது தெரிய வேண்டும்.